7. வெளியூர் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு

பிள்ளை கல்லூரியில் சேர்ந்த முதல் செப்டம்பரிலேயே பல்கலைக்கழகத்தின் நிறம் வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஓஹாயோ ஸ்டேட் வீடென்றால் சிவப்பு. சனிக்கிழமை மதியம் டி.வி.யில் ஓடும் ஆட்டத்தை முதலில் பிள்ளை மட்டும் பார்க்கும். நவம்பருக்குள் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து, "நாலாவது டவுன்ல எதுக்குடா பந்தை உதைச்சு அவங்ககிட்டயே கொடுக்கறாங்க?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார். அப்புறம் நேரில் ஒரு ஆட்டம் பார்க்க ஆசை வரும். பல குடும்பங்கள் டிக்கெட் விலையைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

கொலம்பஸில் உள்ள ஓஹாயோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர் உட்காரலாம். அப்படியிருந்தும் பெரிய ஆட்டமென்றால் ஐந்து பேர் கொண்ட நடுத்தரக் குடும்பத்துக்கு அது எட்டுவதில்லை. என் யோசனை இதுதான்: உள்ளூர் ஆட்டங்களை டி.வி.யிலேயே பாருங்கள், பருவத்துக்கு ஒரு முறை, நன்றாகத் தேர்ந்தெடுத்த ஒரு வெளியூர் ஆட்டத்துக்குக் காரில் கிளம்புங்கள். பிள்ளைகளுக்கு இன்னொரு பல்கலைக்கழக வளாகத்தைப் பார்த்த மாதிரியும் இருக்கும், குடும்பத்துக்கு ஒரு பயணமும் ஆகும். திட்டமிட்டால் செலவும் கைக்குள் நிற்கும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். கொலம்பஸிலிருந்து இண்டியானாவின் வெஸ்ட் லாஃபயெட், அதாவது பர்டியூ பல்கலைக்கழகம். ஏறக்குறைய 240 மைல், நான்கு மணி நேரம். சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து குடும்பங்கள் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டால் போதும், கணக்கு அதேதான்.

பணம் எங்கே போகிறது?

முதல் முறை போகிறவர்கள் கவலையெல்லாம் டிக்கெட்டின் மீதே வைத்திருப்பார்கள். பெரும்பாலான வெளியூர் ஆட்டங்களில் பையைக் கரைப்பது படுக்கைதான். கல்லூரி ஊர்கள் சின்ன ஊர்கள், ஹோட்டல்களும் கொஞ்சம். ஆட்ட வார இறுதியில் அந்தச் சில நூறு அறைகளுக்குப் பல்லாயிரம் பேர் போட்டியிடுவார்கள். வாடகை ஏறுவதோடு, குறைந்தது இரண்டு இரவு எடுத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, ஆக ஐந்து பேர். போக வர உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்து 500 மைல். காலனுக்கு 28 மைல் ஓடும் காரில், காலன் 3.25 டாலர் என்று வைத்தால், பெட்ரோலுக்கு 58 டாலர். டிக்கெட் ஒன்று எல்லாக் கட்டணமும் சேர்த்து 60 டாலர் என்றால் 300. ஸ்டேடியத்தின் பக்கத்திலேயே இரவுக்கு 250 வீதம் கட்டாய இரண்டு இரவு எடுத்தால் 500 டாலர், வரி தனி. நாற்பது மைல் தள்ளி ஒரே இரவு எடுத்தால் வரியோடு 140-க்குள் முடியும். சாப்பாட்டிலும் பார்க்கிங்கிலும் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், அறையில் மிச்சமாகும் இந்தத் தொகைக்கு அது ஈடாகாது. அதனால் திட்டத்தை அறையிலிருந்து தொடங்குங்கள். டிக்கெட் அடுத்தது.

எந்த ஆட்டம்?

பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் இறுதி வரை ஓடும். ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டம். அவற்றில் வெளியூர் ஆட்டங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: காரில் எத்தனை மணி, ஊர் எவ்வளவு பெரியது, எதிரணி எப்படி ஆடிக்கொண்டிருக்கிறது.

மிச்சிகன், பென் ஸ்டேட் போன்ற இடங்களை முதல் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஆன் ஆர்பரில் மிச்சிகன் ஸ்டேடியத்தின் இருக்கை எண்ணிக்கை 1,07,601. அந்தக் கூட்டத்திலேயே சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் திணறிவிடுவார்கள். தவிர, ஓஹாயோ ஸ்டேட்டும் மிச்சிகனும் மோதும் நாளில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பர்டியூவின் ராஸ்-ஏட் ஸ்டேடியம் அளவான இடம், ஏறக்குறைய 61,000 பேர். 1924 முதல் அங்கேயே இருக்கிறது.

அணியின் ஆட்டத் தரம் விலையோடு நேராகக் கட்டுண்டது. இண்டியானா பல்கலைக்கழகத்தின் கதையைக் கவனியுங்கள். அது இருக்கும் புளூமிங்டன் நீண்ட காலம் வெளியூர் ரசிகர்கள் சுலபமாக உள்ளே போய் உட்கார முடிந்த இடம். கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்த முதல் பருவமான 2024-ல் அந்த அணி 12 ஆட்டங்களில் 11-ஐ வென்று பிளே-ஆஃப் வரை போயிற்று. அதற்குப் பின் அந்த ஊரைச் "சாதாரண ஆட்டம்" என்ற வரிசையில் வைக்க முடியாது. அதே 2024-ல் பர்டியூ ஒரே ஓர் ஆட்டம் வென்று பதினொன்றில் தோற்றது. அதனால் போன வருடம் போய்வந்த நண்பர் சொல்லும் விலையை இந்த வருடத்துக்கு நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் பலர் பார்ப்பதில்லை. அது எதிரணிப் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி. அங்கே ஹோம்கமிங் வாரமா, பெற்றோர் வந்து போகும் ஃபேமிலி வீக்கெண்டா என்று பாருங்கள். அந்த இரண்டு வாரங்களிலும் யார் ஆடினாலும் அறை கிடைக்காது. நீங்கள் தங்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ஊரின் நாட்காட்டியையும் விடாதீர்கள். வேளாண் கல்வி மாணவர்களின் தேசிய எஃப்.எஃப்.ஏ. மாநாடு அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் நடக்கும். நீல கார்டுராய் ஜாக்கெட் போட்ட பள்ளிப் பிள்ளைகள் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்குவார்கள். அந்த வாரம் நகர அறைகளெல்லாம் அவர்களுக்கே போய்விடும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், இந்த ஆட்டம் பிடிக்குமா என்றே தெரியாதவர்களுக்கும் வேறு வழி சொல்வேன். முதலில் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பின் ஆட்டம் ஒன்றுக்குப் போய் வாருங்கள். ஏதன்ஸில் ஓஹாயோ பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபர்டில் மயாமி பல்கலைக்கழகம் இரண்டும் கொலம்பஸிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியவை. இருபத்து நான்காயிரம் பேர் கொள்ளும் ஸ்டேடியங்கள். பேண்டு வாத்தியம், கொடி, கூச்சல் எல்லாம் அங்கேயும் உண்டு. நவம்பரில் அவர்கள் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது, செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளையே பாருங்கள்.

நேரம் தெரியாத ஆட்டத்துக்கு அறை பிடிப்பது

ஆட்டத் தேதி பல மாதம் முன்பே தெரிந்துவிடும். எத்தனை மணிக்கு என்பதுதான் தெரியாது. நேரத்தை முடிவு செய்வது டி.வி. நிறுவனங்கள். ஓஹாயோ ஸ்டேட்டும் பர்டியூவும் இருக்கும் பிக் டென் கூட்டமைப்பின் ஆட்டங்களில் கிழக்கு நேரப்படி பகல் 12 மணி ஃபாக்ஸுக்கும், மாலை 3:30 சி.பி.எஸ்.ஸுக்கும், இரவு 7:30 என்.பி.சி.க்கும் முக்கியமான வேளைகள். பருவத் தொடக்க ஆட்டங்களின் நேரமும் சில சிறப்பு ஆட்டங்களின் நேரமும் கோடையிலேயே வந்துவிடும். மற்றவற்றுக்கு வழக்கமாக 12 நாள் முன்பு அறிவிப்பார்கள். சில வாரங்களில் அதையும் தள்ளி 6 நாள் முன்புதான் சொல்வார்கள்.

குடும்பப் பயணத்துக்கு இது பெரிய தலைவலி. பகல் 12 மணி ஆட்டமென்றால் 3:30 வாக்கில் முடியும், கொஞ்சம் இளைப்பாறி 5 மணிக்குக் கிளம்பினாலும் 9 மணிக்கு வீடு. அப்போது தேவைப்படுவது வெள்ளிக்கிழமை இரவுக்கு ஓர் அறை. இல்லையென்றால் விடியற்காலை 5 மணிக்குப் பிள்ளைகளை எழுப்ப வேண்டும். இரவு 7:30 ஆட்டமென்றால் முடிய 11 ஆகும். அப்போது வெள்ளிக்கிழமை அறை வீண், சனிக்கிழமை இரவுதான் வேண்டும். 3:30 ஆட்டத்துக்கும் சனிக்கிழமை அறையே நல்லது. ஆட்டம் முடிந்து 7 மணி இருட்டில் நெரிசலிலிருந்து வெளியே வந்து நான்கு மணி நேரம் ஓட்டுவது, மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருந்தாலொழிய வேண்டாத வேலை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. அட்டவணை வெளியானதும், ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில், வெள்ளி இரவுக்கு ஒரு பதிவு, சனி இரவுக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாக இரண்டு பதிவு செய்யுங்கள். இரண்டு இரவையும் ஒரே பதிவாகப் போட்டால், பிறகு ஒரு இரவை மட்டும் கழற்றும்போது கட்டணம் மாறிவிடலாம். ஆட்ட நேரம் அறிவிக்கப்பட்ட அன்றே தேவையில்லாததை ரத்து செய்துவிடுங்கள். ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதைப் பதிவு செய்யும்போதே ஃபோன் நாட்காட்டியில் போட்டு வையுங்கள். வழக்கமாக ஒன்றிரண்டு நாள் முன்பு வரை அனுமதிக்கும் ஹோட்டல்கூட ஆட்ட வாரத்துக்கு நீண்ட கெடு வைத்திருக்கலாம். 6 நாள் முன்புதான் நேரம் தெரியும் என்ற நிலையில், 7 நாள் கெடு வைத்திருக்கும் அறை உங்களுக்கு உதவாது. உங்களுக்கு வேண்டாத அறை இன்னொரு குடும்பத்துக்குப் போகட்டும். கடைசி நிமிடம் வரை இரண்டையும் பிடித்து வைத்திருக்காதீர்கள்.

எங்கே தங்குவது? ஸ்டேடியத்தைச் சுற்றி இல்லை. வீட்டுக்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவில். கொலம்பஸிலிருந்து 70-ஆம் எண் ஹைவேயில் இண்டியானாபொலிஸ் போய், 65-ல் வடமேற்கே திரும்பினால் வெஸ்ட் லாஃபயெட். அந்த 65-ன் ஓரத்தில் வைட்ஸ்டவுன், லெபனான் என்ற ஊர்கள் இருக்கின்றன. லெபனானிலிருந்து ஸ்டேடியம் 40 மைலுக்குள். சனிக்கிழமை இரவு தங்கினாலும் ஆட்டம் முடிந்து வீட்டுத் திசையிலேயே வந்து படுக்கிறீர்கள். ஞாயிறு காலைப் பயணம் அந்த அளவுக்குக் குறைகிறது. மற்ற ஊர்களுக்கும் இதே வழிதான்: பென் ஸ்டேட்டுக்கு அல்டூனா, ஆன் ஆர்பருக்கு டொலீடோ.

ஐந்து பேருக்கு அறை தேடும்போது, இரண்டு கட்டில் போட்ட சாதாரண அறையில் நான்கு பேர்தான் கணக்கு. "ஒருத்தர் கூட இருந்தா யார் பாக்கப் போறாங்க" என்று போய் நிற்க வேண்டாம், கவுன்டரில் மறுத்தால் ஆட்ட வாரத்தில் வேறு அறை கிடைக்காது. சோஃபாவைக் கட்டிலாக விரிக்கும் சூட் அறையில் ஆறு பேர் வரை அனுமதிப்பார்கள். இரவுக்குக் கொஞ்சம் கூடுதல் என்றாலும் மைக்ரோவேவும் ஃப்ரிஜ்ஜும் சேர்ந்து வரும். காலை உணவு இலவசமாக உள்ள இடமாகப் பாருங்கள். அலுவலகப் பயணங்களில் சேர்ந்த ஹோட்டல் புள்ளிகள் இருந்தால் அவற்றைச் செலவழிக்க இது நல்ல வார இறுதி.

டிக்கெட்

வெளியூர் அணிக்கென்று ஒரு பங்கு டிக்கெட்டை ஒதுக்குவார்கள். அது முதலில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தருபவர்களுக்கும் போகும். பிள்ளை மாணவராக இருந்தால் மாணவர்களுக்கு ஏதாவது ஒதுக்கீடு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் எதிரணிப் பல்கலைக்கழகத்தின் டிக்கெட் அலுவலகத்திலேயே நேரடியாகப் பாருங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள் தனி ஆட்ட டிக்கெட்டைப் பொதுவாக விற்பார்கள், அதுவும் அச்சிட்ட விலைக்கே.

அதற்கும் பிறகுதான் ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்கள். முன்பெல்லாம் 40 டாலர் என்று காட்டி, பணம் கட்டும் பக்கத்தில் 58 என்று வந்து நிற்கும். மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுக்கும் தங்கும் அறைக்கும் கட்டாயக் கட்டணமெல்லாம் சேர்த்த தொகையை முதலிலேயே காட்ட வேண்டும். வரி மட்டும் தனியாக வரலாம். இதனால் தளத்துக்குத் தளம் ஒப்பிடுவது இப்போது சுலபம்.

எப்போது வாங்குவது? சாதாரண ஆட்டங்களுக்கு, விற்காமல் வைத்திருப்பவர்கள் கடைசி வாரத்தில் விலையை இறக்குவது வழக்கம். தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்கள் காத்திருந்து லாபம் பார்க்கலாம். ஐந்து இருக்கை சேர்ந்தாற்போல் வேண்டும் என்றால் காத்திருப்பது சரியான புத்தியில்லை, கடைசியில் மிஞ்சுவதெல்லாம் ஒன்றும் இரண்டுமாகத்தான் இருக்கும். மூன்று, இரண்டு என்று அடுத்தடுத்த வரிசையில் வாங்குவது நல்ல ஏற்பாடு. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெரியவர் இருந்தால் போதும், முன்னும் பின்னும் உட்கார்ந்தால் பேசிக்கொள்ளவும் தோது.

பாட்டியோ தாத்தாவோ வருகிறார்கள் என்றால் வரிசை எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஸ்டேடியங்களில் வாசல் நடுமட்டத்தில் திறக்கும். அங்கிருந்து கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் படிதான், பல இடங்களில் கைப்பிடியும் சரியாக இருக்காது. பாட்டிக்கு முன்வரிசை என்று ஆசையாக வாங்கிவிட்டு, முப்பது படி இறக்கி ஏற்றுவது பெரும்பாடு. வாசலுக்கு நேர் எதிரே, நடைபாதையை ஒட்டிய இருக்கை அவர்களுக்கு நல்லது. முட்டிவலி அதிகமென்றால், மாற்றுத் திறனாளிகள் பகுதியில் துணைக்கு ஒருவரோடு உட்கார இடம் உண்டா என்று டிக்கெட் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேளுங்கள். எந்த வயதுக் குழந்தை வரை டிக்கெட் வேண்டாம் என்பது ஸ்டேடியத்துக்கு ஸ்டேடியம் மாறும். அதையும் அதே ஃபோனில் கேட்டுவிடலாம்.

டிக்கெட்டெல்லாம் இப்போது ஃபோனுக்குள்தான். மாறிக்கொண்டே இருக்கும் பார்கோடு என்பதால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அறுபதாயிரம் பேர் ஒரே இடத்தில் கூடினால் சிக்னல் திணறும். அதனால் முந்தின நாளே வைஃபையில் டிக்கெட்டுகளை ஃபோன் வாலட்டில் சேர்த்துவிடுங்கள்.

கட்டுச்சோறு

ஸ்டேடியத்துக்கு வெளியே, பார்க்கிங் புல்வெளியில் கார் டிக்கியைத் திறந்து வைத்துச் சமைத்துச் சாப்பிடும் டெயில்கேட் வழக்கம் நமக்குப் புதிதாக இருக்கும். ஆனால் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போய் மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்ட குடும்பங்கள் நாம். வாங்குவதை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களுக்குள் வெளி உணவு கொண்டுபோக முடியாது. உள்ளே ஐந்து பேருக்குச் சாப்பாடு வாங்கினால் ஒரு டிக்கெட்டின் விலை போய்விடும். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதுதான் வழி.

மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லியை நான்கு நான்காக அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். ஆறினாலும் ருசி போகாது, கையும் அழுக்காகாது. புளியோதரை வெள்ளிக்கிழமை காலை கிளறினால் சனிக்கிழமைக்குத்தான் ஊறிப் பக்குவத்துக்கு வரும். தயிர்சாதத்தைக் கூலரில் வைக்க வேண்டும். நவம்பர் ஆட்டமென்றால் ஃபிளாஸ்க்கில் சூடான மிளகு ரசம், பேப்பர் கப். பக்கத்து டிக்கியில் பர்கர் சுடுகிறவர் எட்டிப் பார்ப்பார், ஒரு கப் கொடுங்கள். கறுப்பும் தங்கநிறமும் போட்ட பர்டியூ குடும்பங்கள் பெரும்பாலும் நட்பாகவே இருப்பார்கள். பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: நாம் அவர்கள் ஊருக்கு விருந்தாளியாகப் போகிறோம், நம் அணிக்குக் கத்தலாம், அவர்கள் அணியைக் கேலி செய்யக் கூடாது.

பார்க்கிங்குக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் வபாஷ் ஆற்றுக்குக் கிழக்கே, லாஃபயெட் நகரப் பக்கம் காரை விட்டுவிட்டு, ஜான் டி. மையர்ஸ் பாதசாரிப் பாலம் வழியாக ஆற்றைக் கடந்து நடக்கலாம். ஸ்டேடியம் ஏறக்குறைய இரண்டு மைல், கடைசியில் மேடு. பாட்டி இருந்தால் இது வேண்டாம். அப்பா மற்றவர்களை வளாகத்தில் இறக்கிவிட்டுத் தான் மட்டும் நடந்து வரலாம். தெருவோரப் பலகையில் எத்தனை மணி வரை நிறுத்தலாம் என்று படித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஆட்டத்துக்கு முன் வளாகம்

இந்தப் பயணத்தில் செலவே இல்லாத பகுதி இது. பல குடும்பங்கள் இதைத் தவறவிடுகின்றன என்பதில் எனக்கு வருத்தம்.

நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் ஓஹாயோவில் பிறந்து பர்டியூவில் படித்தவர். நடுவில் கடற்படை விமானியாகக் கொரியப் போருக்குப் போய்வந்து 1955-ல் பட்டம் பெற்றார். அவர் பெயரிலுள்ள பொறியியல் கட்டடம் ஸ்டேடியத்திலிருந்து நடக்கும் தூரத்தில், நார்த்வெஸ்டர்ன் அவென்யூவும் ஸ்டேடியம் அவென்யூவும் சேரும் முனையில் இருக்கிறது. அதன் முன்னால் அவர் சிலை. விண்வெளி உடையெல்லாம் இல்லை, புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன். பக்கத்துத் தரையில் நிலவில் பதிந்தது போன்ற பூட்ஸ் தடங்கள் வரிசையாகப் போகும். தடத்துக்குத் தடம் தாண்டிக் குதித்துப் பார்க்காத பிள்ளையை நான் அங்கே கண்டதில்லை. நிலவில் கடைசியாக நடந்துவிட்டு 1972-ல் திரும்பிய யூஜின் செர்னனும் பர்டியூ மாணவர்தான். 1967-ல் அப்பல்லோ 1 தீ விபத்தில் உயிரிழந்த மூவரில் கஸ் கிரிஸம், ராஜர் சாஃபி இருவரும் இங்கே படித்தவர்கள். பொறியியல் படிக்க நினைக்கும் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இந்த அரை மணி நேரம் எந்தக் கல்லூரி அறிமுகக் கூட்டத்தையும்விட அதிகம் சொல்லும். ஆம்ஸ்ட்ராங் பர்டியூவின் பேண்டு வாத்தியக் குழுவில் பாரிட்டோன் வாசித்தவர் என்பதையும் சொல்லுங்கள். பள்ளி பேண்டில் இருக்கும் பிள்ளைக்கு அன்று இடைவேளை நிகழ்ச்சியே வேறு மாதிரி தெரியும்.

ஸ்டேடியத்துக்குள் மாணவர்கள் நுழையும் வாசலுக்கு டைலர் டிரென்ட் என்ற மாணவரின் பெயர். எலும்புப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த அவர், 2018 அக்டோபர் 20 அன்று வந்த ஓஹாயோ ஸ்டேட்டைப் பர்டியூ வெல்லும் என்று முன்பே சொன்னார். அப்போது நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் இருந்த அணி அது. பர்டியூ 49-20 என்று ஜெயித்தது, அந்த இரவு அவர் அங்கே இருந்தார். 2019 புத்தாண்டு அன்று காலமானார். நாம் எதிரணி ரசிகர்களாகப் போகிறோம் என்பதாலேயே பிள்ளைகளை அந்த வாசலுக்கு அழைத்துப் போய் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அன்று தோற்ற அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

உள்ளே

பை விஷயத்தில் காவலர்கள் தயவு காட்ட மாட்டார்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களில் 12 அங்குல நீளம், 12 அங்குல உயரம், 6 அங்குல அகலத்துக்குள் உள்ள, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைதான் செல்லும். ஒரு காலன் ஜிப்லாக் பையும் போதும். கைப்பை என்றால் உள்ளங்கை அளவு, 4.5-க்கு 6.5 அங்குலம். டயப்பரையும் மாத்திரையையும் அந்தக் கண்ணாடிப் பையிலேயே போடுங்கள். குடைக்கு அனுமதி கிடையாது, ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு டாலர் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். கழற்றிய ஸ்வெட்டரைக் காரில் வைத்துவிட்டு வரலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

பெஞ்சு அலுமினியம். நவம்பரில் அது பனிக்கட்டி. மடித்த கம்பளியை உட்காரும் இடத்தில் போடுங்கள். காலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டு போதும். குளிர் சிமென்டிலிருந்து பாதம் வழியாகத்தான் ஏறுகிறது. அட்டை இருந்தால் பாட்டி இரண்டாம் பாதியையும் உட்கார்ந்து பார்ப்பார். சிறு குழந்தைக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் அவசியம்.

பாட்டிக்கு ஆட்டத்தைப் புரியவைக்க விதிப்புத்தகம் வேண்டாம். "நாலு வாய்ப்புக்குள்ள பத்து கஜம் முன்னாடி போகணும் பாட்டி. போயிட்டா மறுபடியும் நாலு. போக முடியலன்னா பந்து அவங்களுக்கு" என்று பேத்தி சொன்னால் போதும். கிரிக்கெட்டில் ஓவரை எண்ணியவர்கள் டவுனை எண்ணக் கற்றுக்கொள்ள கால் மணி நேரம்கூட ஆகாது.

இடைவேளை 20 நிமிடம். எல்லாரும் அப்போதுதான் கழிவறைக்கும் கடைக்கும் ஓடுவார்கள். நீங்கள் இரண்டாம் கால்பகுதியின் நடுவிலேயே பிள்ளைகளை அழைத்துப்போய் வந்துவிட்டு, இடைவேளையில் இருக்கையை விட்டு அசையாதீர்கள். பேண்டு வாத்தியம் மைதானத்தில் இறங்கும் நேரம் அது. உலகிலேயே மிகப் பெரியது என்று பர்டியூ சொல்லிக்கொள்ளும் முரசைச் சக்கரத்தில் வைத்து உருட்டிக்கொண்டு வருவார்கள். 1921-ல் இண்டியானாபொலிஸில் செய்தது. ஓஹாயோ ஸ்டேட்டின் பேண்டு எல்லா வெளியூர் ஆட்டத்துக்கும் முழுதாக வராது, வந்தால் அது கூடுதல் யோகம்.

எட்டு மைலுக்குள் மின்னல் அடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் உள்கூடத்துக்கு அனுப்புவார்கள். கடைசி மின்னலுக்குப் பிறகு 30 நிமிடம் ஆனால்தான் மறுபடி தொடங்கும். பெரும்பாலும் செப்டம்பர் ஆட்டங்களில்தான் இது நடக்கும். அப்படி நின்றால் வீடு திரும்பும் நேரக் கணக்கு உடைந்துவிடும். கூட்டத்தில் பிள்ளை பிரிந்துபோனால் எந்த வாசலில் சந்திப்பது என்பதை நுழையும்போதே காட்டிவிட்டு, சின்னவர்களின் கையில் அப்பாவின் ஃபோன் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

திரும்பும் வழி

ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டால் மூன்றாம் கால்பகுதி முடிவில் கிளம்பிவிடலாம். பிள்ளை ஒப்புக்கொண்டால் மட்டும். இவ்வளவு தூரம் வந்தது பிள்ளைக்காகத்தான். கடைசி வரை இருந்தால் உடனே காரை எடுக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் எல்லாக் கார்களும் 65-க்குப் போகும் சில தெருக்களிலேயே நின்றுகொண்டிருக்கும். மிச்சமிருக்கும் தயிர்சாதத்தை அப்போது பிரியுங்கள். சிகாகோவிலிருந்து வந்தவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும்: வெஸ்ட் லாஃபயெட் கிழக்கு நேரம், சிகாகோ ஒரு மணி நேரம் பின்னால். வரும்போது இழந்த அந்த ஒரு மணி நேரம் போகும்போது திரும்பக் கிடைக்கும். ஓட்டுகிறவர் ஆட்டத்தின்போது நன்றாகக் கத்திக் களைத்திருப்பார். முதல் பாதியை அம்மாவோ, உரிமம் உள்ள பிள்ளையோ ஓட்டட்டும். இண்டியானாபொலிஸ் தாண்டியதும் ஆள் மாறிக்கொள்ளுங்கள். பெட்ரோலை வெஸ்ட் லாஃபயெட்டில் போட வேண்டாம், எல்லாரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். வரும் வழியில் லெபனானிலேயே டேங்க்கை நிரப்பிவிட்டால் கொலம்பஸ் வரை நிறுத்தத் தேவையிருக்காது.